நொண்டிய வண்டியை நடக்க வைத்தவர்களுக்கு

காசிமேட்டு உறவுகளுக்கு வணக்கம்.

சூரியநாராயண செட்டி தெருப் பக்கம் ஐஸ் லோடும் மீன் பெட்டியும் அடிக்கிற அந்தப் பழைய டாடா 207 பிக்கப் எங்களுடையதுதான். தம்பி ஓட்டுவான், கணக்கும் கடனும் என் பொறுப்பு. மீன்பிடித் தடைக்காலம் முடியப் பத்து நாள் இருக்கும்போது வண்டி படுத்த கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எழுப்பிவிட்டது யார் யார் என்று மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், நிற்காது. ஸ்டீயரிங், கதவு, டேஷ்போர்டில் ஒட்டிய மாதா படம் எல்லாம் சேர்ந்து ஆடும். வெள்ளைப் புகை வரும், அதில் எரியாத டீசல் நாற்றம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒழுங்காகிவிடும். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மிதித்துக்கொண்டே நிற்க முடியுமா? இரண்டு தடவை நடு ரோட்டில் ஆஃப் ஆகி, பின்னால் வந்தவர்கள் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்கள்.

முதலில் காட்டிய இடத்தில் ஆயில் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போச்சு, ஹெட் இறக்கணும், 38,000 ஆகும்" என்றார்கள். சிலிண்டர் காற்றை அழுத்துகிற பலம் போய்விட்டது, இன்ஜினின் மேல் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்று அர்த்தமாம். அந்த அழுத்தத்தை கேஜ் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்கும் விவரம் அன்றைக்கு எனக்கு இல்லை. செயினை எந்த அடகுக் கடையில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னொருவர் இன்ஜின் மவுன்டிங் ரப்பர் என்றார். மாற்றினோம். கேபினுக்குள் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, சத்தம் அப்படியே இருந்தது.

டீக்கடை அக்காவுக்கு முதல் நன்றி. மூன்று நாள் உங்கள் கடை வாசலை டீசல் நாற்றமாக்கினோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெஞ்சை வேறு நகர்த்திப் போட்டுக் கொடுத்தீர்கள். அங்கே நின்றதால்தான் லாஞ்சு டிரைவர் அண்ணன் காதில் எங்கள் வண்டிச் சத்தம் விழுந்தது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் லாஞ்சு கடலுக்குப் போகாது இல்லையா, அந்த நேரத்தில்தான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். கையெல்லாம் கிரீஸோடு டீ குடிக்க வந்தவர், கிளாஸைக் கீழே வைக்காமலே, "இன்னாம்மா, நாலு கால்ல ஒண்ணு நொண்டுது, கேக்கலியா உனக்கு?" என்றார்.

அப்புறம் அவர் செய்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டார். டீசல் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற இரும்பு பைப்பின் நட்டை, சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற இன்ஜெக்டரின் தலைமாட்டில், 17 நம்பர் ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தினார். தளர்த்தினால் டீசல் வெளியே போய்விடும், அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. மேலே ஒரு துணி. முதல் நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கியது. "இது வேலை செய்யுது." இறுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தினார். துணியில் டீசல் நனைந்ததே தவிர, சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். நான்காவது நன்றாகவே இருந்தது. மூன்றாவது சிலிண்டர் வேலைக்கு வராமலே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"சரி, ஹெட்டுதானே?" என்று தம்பி அவசரப்பட்டான். "இரு." இன்ஜினை நிறுத்தி, மூணாவது இன்ஜெக்டரை ஒண்ணாவது இடத்திலும், அங்கே இருந்ததை இங்கேயும் மாற்றிப் போட்டார், புது காப்பர் வாஷரோடு. திரும்பவும் அதே சோதனை. இப்போது ஒண்ணாவது நொண்டுகிறது, மூணாவது ஓடுகிறது! கம்ப்ரஷன் போயிருந்தால் நொண்டல் அதே சிலிண்டரிலேயே நின்றிருக்கும். இன்ஜெக்டரோடு சேர்ந்து நகர்ந்ததால் கோளாறு அதில்தான். 38,000 ரூபாய்க்கும் செயினுக்கும் நடுவே அந்த அரை மணி நேரம்தான் நின்றது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், யாரும் பார்த்துவிட்டுக் கையை வைத்துவிடக் கூடாது. இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைக்கிற புது காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலேயும் போகும், அதில் ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்தவே கூடாது என்று அண்ணனே இரண்டு தடவை சொன்னார்.

தண்டையார்பேட்டை பம்ப் நாசில் கடைப் பெரியவருக்கு அடுத்த நன்றி. நாலு இன்ஜெக்டரையும் டெஸ்டரில் மாட்டி, லிவரை அடித்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நல்லது 200 பாருக்கு மேல் முள் ஏறியதும் கிர்ரென்று கத்தி, இட்லிப் பானை ஆவி மாதிரி தூவியது. கெட்டுப்போனது அதற்கு முன்னாலேயே தெருக் குழாய் மாதிரி ஒழுகியது. கிட்டே போன என் கையைத் தட்டிவிட்டார்: "தோலைத் துளைச்சு உள்ள பூந்துடும், பாப்பா." எனக்கு வயது 43. அதன் நுனியிலிருக்கும் நாசிலை மாற்றி, நாலையும் செட்டிங் செய்து, வாஷரோடு 4,350 ரூபாய் வாங்கினார்.

மாட்டியதும் நொண்டல் போனது. ஆனால் சத்தம் ஏறி இறங்கி ஊசலாடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போன் செய்தால் பெரியவர் சிரிக்கிறார்: "அது காத்து. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு டியூப் போட்டுப் பாரு." ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அதற்கு எங்கே போவது? எதிர் வீட்டுக் கொத்தனார் அண்ணன், மட்டம் பார்க்கிற தன் லெவல் டியூபிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடுத்தார். அதைப் போட்டதும் டீசலுக்குள் முத்து முத்தாகக் குமிழி ஓடியது. டேங்க்கை விட்டுவிட்டு கேனிலிருந்து டீசல் கொடுத்தோம், குமிழி நின்றது. அப்படியானால் ஓட்டை டேங்க் பக்க ஹோஸில். தம்பி வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினான். சேஸிஸில் கிளிப் கடிக்கிற இடத்தில் நகக்கண் அளவு வெடிப்பு. உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. புது ஹோஸ் 120 ரூபாய்.

கொத்தனார் அண்ணா, டியூப் சின்னதாகிப் போச்சு என்று அண்ணி சொன்னார்கள். புதுசு வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் 14 ராத்திரி லாஞ்சுகளுக்கு எங்கள் வண்டியில்தான் ஐஸ் ஏற்றினோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் ஸ்லோவிலேயே நின்றது, மாதா படம் அசையவில்லை. டிரைவர் அண்ணா, அவசரத்தில் உங்கள் 17 நம்பர் ஸ்பேனரை எங்கள் பானட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டீர்கள். துணியில் சுற்றி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் அக்கா கடைக்கு வாங்க, டீ என் கணக்கு.

இப்படிக்கு,
ஐஸ் வண்டிக்காரி