எண்பது இரவுகளும் நூற்றைம்பத்து நான்கு இரவுகளும்

சிங்கப்பூர்,
17.11.2024

அன்புள்ள வைத்தியநாதனுக்கு,

உன் கடிதம் தீபாவளி கழிந்த வாரத்தில் வந்து சேர்ந்தது. டொராண்டோவில் குளிர் தொடங்கிவிட்டது என்றும், காலையில் நடக்கப் போவதை நிறுத்திவிட்டாய் என்றும் எழுதியிருந்ததைப் படித்த மீனாட்சி, வீட்டுக்குள்ளேயாவது நடக்கச் சொல்லி உனக்கு எழுதும்படி வற்புறுத்தினாள். எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். பேரன் இந்த ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வை முடித்துவிட்டான்.

கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்வியைப் பத்து நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கப்பல் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் பயணம் செய்து பெற்ற உறுப்பினர் நிலையும் அதற்குரிய சலுகைகளும், அதே முதலாளிக்குச் சொந்தமான இன்னொரு நிறுவனத்தின் கப்பலிலும் செல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தாய். சென்ற செப்டம்பரில் நாங்கள் சியாட்டிலிலிருந்து ‘செலிப்ரிட்டி எட்ஜ்’ கப்பலில் அலாஸ்கா போய்வந்ததைப் பற்றி நான் எழுதியதுதான் உன்னை அப்படிக் கேட்க வைத்தது என்று எனக்குத் தெரியும். நீ நேரடியாகச் சொல்லவில்லை; ஆனால் உன் கேள்விக்குள் ஒரு நியாயமான வருத்தம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பொதுவாகப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் இருவரும் பழகிய நிறுவனம் ராயல் கரீபியன். மரினா பே கப்பல் முனையத்திலிருந்து மூன்று இரவு, நான்கு இரவு, ஐந்து இரவு என்று போய்ப்போய், எப்போதும் பால்கனி அறையில், எண்பது இரவுகளைச் சேர்த்தோம். 2020 டிசம்பரில், எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ பயணமும் அதில் ஒன்று. இரவுக்கு ஒரு புள்ளி வீதம் எண்பது புள்ளிகள் சேர்ந்ததும் ‘டைமண்ட்’ என்ற உறுப்பினர் நிலைக்கு வந்தோம். ராயல் கரீபியன் 1997இலேயே செலிப்ரிட்டி நிறுவனத்தை வாங்கிவிட்டதால், ராயல் கரீபியனின் ‘டைமண்ட்’ செலிப்ரிட்டியில் ‘எலைட்’ என்ற நிலைக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே செலிப்ரிட்டியில் அதற்கு முன் ஓர் இரவுகூடத் தூங்காத நானும் மீனாட்சியும் முதல் நாளிலிருந்தே எலைட் உறுப்பினர்களாக நடத்தப்பட்டோம். துணிகளை இலவசமாகத் துவைத்துக் கொடுத்தார்கள். மாலையில் எலைட் உறுப்பினர்களுக்கான பானங்களும் கிடைத்தன.

நீ எலைட் ஆனது எப்படி என்பதை நான் அறிவேன். நீயும் சாவித்திரியும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஃபோர்ட் லாடர்டேலுக்கு வந்து, ஏழு ஏழு இரவாக, இருபத்திரண்டு முறை செலிப்ரிட்டியில் பயணம் செய்தீர்கள். தூங்குவதற்குத்தானே அறை, கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறதே என்று சாவித்திரி எப்போதும் ஜன்னல் இல்லாத உள்ளறையையே எடுக்கச் சொல்வாள். செலிப்ரிட்டியில் உள்ளறைக்கு ஓர் இரவுக்கு இரண்டு புள்ளிகள். எலைட் ஆக முந்நூறு புள்ளிகள் வேண்டும். ஆக, நீங்கள் நூற்றைம்பத்து நான்கு இரவுகளில் ஏறிய படியில் நான் எண்பது இரவுகளில் ஏறி, உன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் அந்தக் கப்பல்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காமல் சேர்த்த இரவுகளைக் காட்டி. உனக்குள் ஏதோ நெருடியிருந்தால் அதில் தவறே இல்லை. எனக்கே அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் நினைவு வந்தது.

இருந்தாலும், நிலை செல்லவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூருக்குப் போனபோது, நாங்கள் வழக்கமாகத் தங்கும் ஓட்டலில் இடமில்லாததால், அதே குழுமத்தைச் சேர்ந்த வேறொரு ஓட்டலில் அறை எடுத்தோம். பெயர்கள் வேண்டாம். இரவுப் பேருந்தில் வந்த மீனாட்சிக்குக் காய்ச்சல். வழக்கமான ஓட்டலாக இருந்தால் என் உறுப்பினர் அட்டையைப் பார்த்ததும் காலையிலேயே அறையைத் திறந்துவிட்டிருப்பார்கள். இங்கே, அந்த அட்டை தங்களுக்குச் செல்லாது என்று பிற்பகல் மூன்று மணிவரை வரவேற்பறைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகு ரசீதைப் பார்த்தால், பணம் பெற்றுக்கொண்ட நிறுவனத்தின் பெயர் இரண்டு ஓட்டல்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. பணம் வாங்கும்போது ஒரே வீடு, மரியாதை செய்யும்போது வேறு வீடு என்ற அந்தக் கணக்கை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அக்காள் வீட்டில் கைபிடித்து அழைத்துப் பந்தியில் உட்கார வைக்கப்பட்டவனைத் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்டால், அது அவனுக்கு மட்டுமா அவமானம்?

கப்பல் உலகில் இப்படி வாசலில் நிறுத்துவது இன்னும் நடக்கத்தான் செய்கிறது. கார்னிவல் குழுமம் ஹாலந்து அமெரிக்கா என்ற கப்பல் நிறுவனத்தை 1989இல் வாங்கியது. பிரின்சஸ் என்ற நிறுவனம் 2003இல் அதே குழுமத்துக்குள் வந்தது. ஆனால் பிரின்சஸில் எலைட் ஆனவர் ஹாலந்து அமெரிக்கா கப்பலில் ஏறினால் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரின்சஸில் பதினாறு பயணங்களையோ நூற்றைம்பத்தொரு நாள்களையோ முடித்தால் எலைட். ஹாலந்து அமெரிக்காவில் நான்கு நட்சத்திர நிலைக்கு இருநூறு நாள்கள் வேண்டும். மூன்று நாள் பயணமாகவே பதினாறு முறை போனவர் நாற்பத்தெட்டு நாளில் அங்கே எலைட் ஆகிவிடுவார். அவரையும் இருநூறு நாள் பயணம் செய்த முதியவரையும் ஒரே தட்டில் வைக்கச் சொன்னால், யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? இரண்டு வீட்டு மரக்காலும் ஒரே அளவில்லை என்பதுதான் சிக்கல். ஆனால் அளவு வேறுபடுகிறது என்பதற்காக நெல்லே இல்லை என்று சொல்வதும் சரியல்ல.

ராயல் கரீபியன் குழுமம் வேறு வழியில் போயிருக்கிறது. 2024 ஜூனிலிருந்து அதன் கப்பல் நிறுவனங்களான ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ ஆகிய மூன்றில் ஒன்றில் பெற்ற நிலை மற்ற இரண்டிலும் மதிக்கப்படுகிறது. ராயல் கரீபியனின் உச்ச நிலையான ‘பினாக்கிள்’ இப்போது செலிப்ரிட்டியின் உச்ச நிலையான ‘ஜெனித்’துக்குச் சமம். 2024இன் விதிப்படி நிலை மட்டுமே செல்லும், புள்ளிகள் செல்லாது. அலாஸ்காவில் நான் கழித்த ஏழு இரவுகள் ராயல் கரீபியனில் என் எண்பதோடு சேரவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு நாள் மாலை உட்கார்ந்து, நம் பழைய தணிக்கை அலுவலகப் பழக்கத்தில், இந்தச் சமன்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராயல் கரீபியனில் உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் ஒரே புள்ளிதான். சூட் எனப்படும் பெரிய சொகுசு அறையை எடுத்தால் இரண்டு. செலிப்ரிட்டியில் பால்கனிக்கு மூன்று, அதற்கு மேலான அக்வா வகுப்பு அறைக்கு ஐந்து, ஸ்கை சூட்டுக்கு எட்டு. ஆகவே எலைட் ஆக உள்ளறையில் நூற்றைம்பது இரவுகள், பால்கனியில் நூறு, அக்வா வகுப்பில் அறுபது, ஸ்கை சூட்டில் முப்பத்தெட்டு. ராயல் கரீபியனில் டைமண்ட் ஆகச் சூட் எடுப்பவருக்கு நாற்பது இரவுகள் போதும். பார்த்தாயா, சூட்டில் பயணம் செய்பவருக்கு இந்தப் பரிமாற்றம் ஏறத்தாழச் சரியான விலையில் நடக்கிறது. உள்ளறையில் போகிறவருக்குத்தான் அது பாதி விலை. அக்வா வகுப்பில் பழகியவரோ எண்பதுக்குப் பதில் அறுபது இரவுகளைக் காட்டி ராயல் கரீபியனில் டைமண்ட் ஆகிவிடுகிறார்; அங்கே அவரைப் பார்த்து முணுமுணுக்கும் முறை என்னைப் போன்றவர்களுடையது. நிலைகள் மேலே போனாலும் கதை இதேதான். ஜெனித்துக்கு மூவாயிரம் புள்ளிகள், அதாவது உள்ளறையில் ஆயிரத்து ஐந்நூறு இரவுகள், பினாக்கிளுக்கு எழுநூறு. படியின் பெயரைப் படியின் பெயரோடு பொருத்தியதால் வந்த வினை இது.

இன்னொரு கவலையும் எனக்குண்டு. குவாண்டம் வகைக் கப்பலில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கிறார்கள். சில்வர்சீயின் ‘சில்வர் நோவா’வில் எழுநூற்று இருபத்தெட்டுப் பேர். பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்கு மரியாதையை அனுப்பும்போது, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களின் இடம் சுருங்கும். விமான நிறுவனங்களை எடுத்துக்காட்டாகச் சொல்லி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் தங்க நிலை பெற்றவரை ஏர் கனடா தன் ஓய்வறைக்குள் விடவில்லையா, அவை சகோதர நிறுவனங்கள்கூட இல்லையே என்று நீ கேட்கலாம். உண்மைதான். ஆனால் விமானத்தில் அந்த நிலையை மீண்டும் மீண்டும் பறந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பறக்காதவர் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுவார். ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் தந்த நிலை நம்மோடு கடைசிவரை இருக்கும். உள்ளே வருபவர்கள் உண்டு, வெளியே போகிறவர்கள் இல்லை. அப்படியொரு கூடத்துக்கு மூன்று வாசல்களைத் திறந்து வைக்கும்போது, நிறுவனம் செய்யக்கூடிய எளிய காரியம் கூடத்தை மூடிவிட்டுச் சலுகையைக் குறைப்பதாக இருக்கும். அதனால் இழப்பவர்கள் உன்னைப் போல ஒரே நிறுவனத்தோடு நின்றவர்களே. எனக்கு உண்மையில் பயம் தருவது இதுதான்.

உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அசமாரா என்ற கப்பல் நிறுவனமும் செலிப்ரிட்டியும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் ஒன்றின் உறுப்பினரை மற்றொன்று மதித்தது. 2021 மார்ச்சில் மூன்று கப்பல்களோடு அசமாரா ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது; அதோடு அந்தக் கொடுக்கல் வாங்கலும் முடிந்தது. அசமாராவை எதிர்பார்த்துச் செலிப்ரிட்டியில் இரவுகளைச் சேர்த்தவர்கள் என்ன செய்வார்கள்? சென்னையில் உன் தம்பி குடும்பத்தோடு இலங்கைக்குப் போய்வந்தாரே, அந்த ‘எம்ப்ரஸ்’கூட 1990இல் ராயல் கரீபியனின் கப்பலாக ஓடத் தொடங்கியதுதான். இன்று கோர்டீலியா என்ற இந்தியக் கப்பல் நிறுவனத்தின் பெயரில் ஓடுகிறது. அதே தளம், அதே படிக்கட்டு; ஆனால் என் எண்பது இரவுகளுக்கு அங்கே பொருளில்லை. அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அப்படியொரு வாக்கை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்த இடத்தில்தான், விற்பனை நடந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு அந்த நிலை மதிக்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். மரியாதை செல்ல வேண்டும். ஆனால் படியின் பெயரால் அல்ல, கழித்த இரவுகளின் கணக்கால். வந்தவர் அந்த இரவுகளை எங்கள் கப்பலில், அதே வகை அறையில் கழித்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்று ஒவ்வொரு நிறுவனமும் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லா இரவுகளும் அவர்கள் கணினியில்தான் இருக்கின்றன. முடியாத காரியம் ஒன்றுமில்லை. அப்படிப் பார்த்தால் என் எண்பது பால்கனி இரவுகள் செலிப்ரிட்டியில் இருநூற்று நாற்பது புள்ளிகள் ஆகும். எலைட் கிடைக்காது, அதற்குக் கீழுள்ள ‘செலெக்ட்’ நிலைதான். அது எனக்கு முழுச் சம்மதம். முன்பின் தெரியாதவனாக வாசலில் நிறுத்தாமல், ஆனால் உன்னைத் தாண்டாமல், உனக்குச் சற்றுப் பின்னால் உட்கார வைத்தால் அதுவே எனக்குப் போதுமான மரியாதை. உன் நூற்றைம்பத்து நான்கு இரவுகளோ ராயல் கரீபியனில் நூற்றைம்பத்து நான்கு புள்ளிகளாக நிற்கும். ‘டைமண்ட் பிளஸ்’ஸுக்கு நூற்று எழுபத்தைந்து. இருபத்தொன்று மட்டுமே மிச்சம். தனியாக அறை எடுத்து இருவர் கட்டணமும் செலுத்துபவருக்கு அங்கே ஓர் இரவுக்கு இரண்டு புள்ளிகள் என்பதால், உனக்குப் பதினொரு இரவுகள் போதும். சாவித்திரி இருந்திருந்தால் இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டு, அப்போதும் உள்ளறையைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பாள்.

இதில் நான் எதையாவது தவறவிட்டிருந்தால் எழுது. குறிப்பாக, நிலை தாழ்த்தப்படுவது இப்போதே எலைட்டாக நடத்தப்பட்டு வருபவர்களுக்கு அநீதி ஆகாதா என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கொடுத்ததைப் பறிக்காமல் புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கை வைக்கலாம் என்று நினைக்கிறேன். நீ வேறு வழி சொல்லக்கூடும்.

‘ஆந்தம் ஆஃப் தி சீஸ்’ இந்தப் பருவத்துக்கு இங்கே வந்திருக்கிறது. பிப்ரவரியில் பினாங்கு, புக்கெட் போய்வரும் நான்கு இரவுப் பயணம் ஒன்றை நானும் மீனாட்சியும் பார்த்து வைத்திருக்கிறோம். உன் எலைட் நிலைக்கு அதில் டைமண்ட் என்று எழுதுவார்கள். இருவருக்கும் மாலையில் ஒரே மேசை கிடைக்கும். கனடாக் குளிரை விட்டுப் பத்து நாள் முன்னதாகவே வந்துவிடு. உள்ளறை ஒன்று இன்னும் இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்துக்குள் உன் பதில் வந்தால் பிடித்து வைத்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
சுந்தரேசன்