மலைக்கு எதுக்குங்க பெரிய ஸ்டேடியம்?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எங்க கோத்தகிரி பக்கம் எலக்சன் நெருங்குனா ரெண்டு விஷயம் கண்டிப்பா மேடையில வரும், ஒண்ணு பசுந்தேயிலை விலை, இன்னொண்ணு ஸ்டேடியம். தேயிலை விலைய பத்தி உங்க பேப்பர்லயே எவ்வளவோ பேர் எழுதிட்டாங்க, நான் ஸ்டேடியத்த பத்தி மட்டும் சொல்லிக்கிறேன், ஏன்னா இந்த மலையில ஃபுட்பால் ஆடியும் பாத்துமே வளந்தவன் நான், பெரிய ஸ்டேடியம்னு யாராவது மைக்குல சொன்னா கைதட்டுறதுக்கு பதிலா வயித்துல புளியக் கரைக்குது.

ஸ்டேடியம்னு இவங்க சொல்றது என்னன்னா நடுவுல புல்லு, அத சுத்தி 400 மீட்டர் ஓடுற ட்ராக், அதுக்கும் வெளிய கான்கிரீட் கேலரி. சமவெளியில எல்லா மாவட்டத்துலயும் இருக்குற அதே டிசைன். கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. ஃபுட்பாலுக்கு மட்டும்னா 105 மீட்டர் நீளம் 68 மீட்டர் அகலம் போதும், ரெண்டு ஏக்கர் கூட வராது. எட்டு லேன் ட்ராக்க சேத்தா நீளம் 177 மீட்டர் பக்கம் போயிடும், அகலம் 92 தாண்டிடும், நாலு ஏக்கர் ஆச்சு, கேலரிக்கு இன்னும் தனியா வேணும். இவ்வளவு பெரிய சமதளம் மலையில தானா எங்கயும் இருக்காது, ஒரு பக்கம் வெட்டணும் இன்னொரு பக்கம் கொட்டணும், வெட்டுன பக்கம் ரெண்டு மாடி உயரத்துக்கு தடுப்புச்சுவர் கட்டணும், அப்புறம் அக்டோபர் நவம்பர் மழையில அந்த சுவர் நிக்குமா நிக்காதான்னு கீழ குடியிருக்குறவங்க தூங்காம கெடக்கணும். 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்களே, அத பாத்த யாரும் ஜேசிபிய கொண்டாந்து மலைய வெட்டுங்கன்னு சுலபமா சொல்ல மாட்டாங்க.

சரி, பணமும் இருக்கு, HACA-ன்னு சொல்ற மலையிட பாதுகாப்பு குழுவோட பர்மிஷனும் கெடச்சிருச்சுன்னே வச்சுக்குவோம். மேட்ச் பாக்குறதுக்காவது நல்லா இருக்குமான்னா அதுவும் இல்ல. ட்ராக் இருந்தா கோல் போஸ்ட்டுக்கு பின்னாடி உக்காந்திருக்கவனுக்கும் கோல் லைனுக்கும் நடுவுல 36 மீட்டர் இடைவெளி. அதுல எங்க ஊரு மிஸ்ட் வேற எறங்குச்சுன்னா கோலு விழுந்துச்சான்னு பக்கத்துல இருக்கவன தான் கேக்கணும். வெளிநாட்டுலயே இதுக்கு அழுதவங்க இருக்காங்க. லண்டன்ல வெஸ்ட் ஹாம் டீம் 2016-ல அவங்க பழைய கிரவுண்ட விட்டுட்டு ஒலிம்பிக் நடந்த பெரிய ஸ்டேடியத்துக்கு போனாங்க, ஆட்டம் எங்கயோ தூரத்துல நடக்குற மாதிரி இருக்குன்னு அவங்க ரசிகர்கள் இன்னும் பொலம்புறாங்க. இத்தாலியில யுவென்டஸ் டீம் அதுக்கு நேர்மாறா செஞ்சாங்க, ட்ராக்கோட இருந்த பெரிய ஸ்டேடியத்த இடிச்சுட்டு அதே எடத்துல சின்னதா, கிரவுண்ட ஒட்டுன மாதிரி ஒண்ணு கட்டி 2011-ல தொறந்தாங்க.

சின்ன கிரவுண்டுன்னா தரம் கம்மின்னு நெனைக்கிறவங்களுக்கு ஸ்பெயின்ல ஐபார்னு ஒரு ஊர சொல்றேன். மலை இடுக்குல இருக்குற தொழிற்சாலை ஊரு, மொத்த ஜனத்தொகையே 27 ஆயிரம் சொச்சம். அவங்க இபுருவா கிரவுண்டுல எட்டாயிரம் பேர் கிட்ட தான் உக்கார முடியும், சுத்தி இருக்குற அபார்ட்மென்ட் ஜன்னல்ல நின்னு ஓசியில மேட்ச் பாக்குறவங்க தனி. 2014-ல இருந்து 2021 வரைக்கும் அவங்க ஸ்பெயின்ல முதல் டிவிஷன்ல ஆடுனாங்க, பார்சிலோனா, ரியல் மாட்ரிட் எல்லாம் அந்த சந்துக்குள்ள பஸ்ஸ விட்டு வந்து தான் ஆக வேண்டியிருந்துச்சு. இங்கிலாந்துல லூட்டன் டவுன் டீமோட கிரவுண்டு இன்னும் வேடிக்கை, வெளியூர் ரசிகர்கள் உள்ள போற வழி வரிசை வீடுகளுக்கு நடுவுல ஒரு வீட்டு வாசல் மாதிரி இருக்கும், அதுல நொழஞ்சு படியேறுனா கீழ அடுத்தவங்க கொல்லைப்புறம், துணி காயப்போட்டிருக்கறது கூட தெரியும். 1905-லருந்து இருக்குற எடம் அது, அதுலயே 2023-ல அந்த நாட்டு முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு வந்துட்டாங்க. கிரவுண்டு பெருசா இருந்தா தான் டீம் வளரும்னு யாரு சொன்னது?

நமக்கு இன்னும் பொருத்தமானது சுவிட்சர்லாந்துல குஸ்போன்னு ஒரு கிராமத்து கிரவுண்டு. சுமார் 2,000 மீட்டர் உயரத்துல இருக்கு, கேபிள் கார்ல தான் போகணும், பந்து வெளிய போனா மலைச்சரிவுல உருண்டு போயிடும். நம்ம ஊட்டி அதவிட உசரம், 2,240 மீட்டர். பந்து கீழ தேயிலைக்குள்ள போயிட்டா சின்ன பசங்க எறங்கி தேடுற வரைக்கும் ரெஃப்ரி வாட்ச்ச நிறுத்திட்டு நிக்கிறது இங்க எல்லா ஹட்டி (படுகர் ஊரு) கிரவுண்டுலயும் நடக்குறது தானே. அதுக்கு மருந்து கோல் பின்னாடி ஆறு மீட்டர் கம்பம் நட்டு நெட் கட்டுறது, அவ்வளவு தான்.

கேலரிக்கும் நாம கான்கிரீட்ட தேட வேண்டியதில்ல, நம்ம கிரவுண்டு நெறைய எடத்துல ஒரு பக்கம் ஏற்கனவே மேடு. அந்த மேட்டையே படிபடியா செதுக்கி கருங்கல்லு பதிச்சா அது தான் கேலரி, எடையும் மண்ணுல தான் இருக்கும், தூண் கெடையாது. ஆனா படிய கண்ணுமண்ணு தெரியாம வெட்டக்கூடாது. முன்னாடி உக்காந்தவர் தலைக்கு மேல நம்ம பார்வை 9 சென்டிமீட்டராவது தாண்டி டச் லைனுக்கு, அதாவது கிரவுண்டோட பக்கவாட்டு கோட்டுக்கு போகணும், 12 இருந்தா அருமை, ஏன்னா இங்க பாதிப்பேர் மப்ளர் தொப்பியோட தான் வருவாங்க. மேல போகப்போக படி கொஞ்சம் கொஞ்சமா உசரம் கூடணும், எல்லா படியும் ஒரே உசரத்துல வச்சா பின்வரிசைக்காரன் எந்திரிச்சு தான் பாக்கணும், அவன் எந்திரிச்சா அவன் பின்னாடி இருக்கவனும் எந்திரிக்கணும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆளுங்களுக்கு செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஃபுட்பால் ஆட்டம் தெரியும். மூங்கில், கமுகு மரத்த கட்டி தற்காலிகமா கேலரி போடுவாங்க, லைனுக்கு பக்கத்துலயே ஜனம், காது கிழியும், அந்த சுகத்துக்கு எந்த பெரிய ஸ்டேடியமும் ஈடாகாது. ஆனா 2022 மார்ச்ல மலப்புரத்துல அப்படி ஒரு கேலரி ஆட்டத்துக்கு நடுவுலயே சரிஞ்சு நெறைய பேருக்கு அடி பட்டுச்சு. அதனால தான் மேட்டுலயே படி வெட்டுங்கன்னு அடிச்சு சொல்றேன், நெருக்கமும் கெடைக்கும், சாயவும் சாயாது.

செலவு பண்ணனும்னா தண்ணி வடியறதுக்கு பண்ணுங்க. கிரவுண்டுக்கு அடியில ஜல்லி, மணல், ஓட்ட போட்ட பைப்பு, மேட்டுப்பக்கம் ஒரு நல்ல வடிகால். இது இல்லாம மேல எவ்வளவு விலை புல்லு போட்டாலும் ரெண்டு மழையில சேறு தான். கூரைய ஒரு பக்கத்துக்கு மட்டும், காத்து மழை எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் முதுக காட்டுற மாதிரி, தாழ்வா போட்டா போதும், தாழ்வா இருந்தா சத்தமும் வெளிய ஓடாம ஆட்டக்காரங்க காதுலயே விழும். ஜெர்மனியில யூனியன் பெர்லின் டீமோட ரசிகர்கள் ரெண்டாயிரம் பேருக்கு மேல சேந்து 2008, 2009-ல சம்பளம் வாங்காம அவங்களே வேல செஞ்சு தங்களோட கிரவுண்ட புதுப்பிச்சாங்க, அதுல பெரும்பாலும் நின்னு பாக்குற எடம் தான். எங்க ஹட்டியில ஆளுக்கு ஒரு நாள் வேலைக்கு வாங்கன்னா வராமலா போயிடுவாங்க, என்ன, மதியம் சாப்பாடு மட்டும் போட்டுடணும்.

கடைசியா ஒண்ணு. நான் பாத்த எந்த கிரவுண்டுலயும் பொம்பளைங்களுக்கு ஒழுங்கான டாய்லெட் இல்ல, பொண்ணு டீமுக்கு டிரெஸ் மாத்த ஒரு ரூமு கெடையாது, பக்கத்துல இருக்குற யாரு வீட்டுக்காவது தான் போறாங்க. பிளான் போடுறவங்க பேப்பர்ல முதல் கோடு இதுக்கு போடட்டும், கேலரி அதுக்கு அப்புறம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்