புது டிவியின் பெட்டியை உடனே வீசிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி மலிவு விற்பனை தொடங்கிவிட்டால் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு புது டிவி வந்து இறங்கும், தோட்டத்து வீடுகளிலும் இப்போது 55 அங்குலம்தான் கேட்கிறார்கள். வாங்கட்டும், சந்தோஷம். ஆனால் படம் வருகிறதா, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டு, திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் தேவைப்படும் அட்டைப் பெட்டியையும் அன்றைக்கே குப்பையில் வீசிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடையில் பார்த்ததை வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் ஏற்றி, கிளி, பூ, மீன் என்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பளபளப்பில் எந்தக் குறையும் தெரியாது. எழுத்து எதுவும் இல்லாத ஒற்றை நிறப் படங்களைப் பெண்டிரைவில் போட்டு (பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே செய்து தருவார்கள்) திரை முழுக்கக் காட்டிப் பாருங்கள். திரையில் படத்தை உண்டாக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளில் (பிக்சல்) ஒன்று வெள்ளையில் கறுப்பாக நின்றால் அது செத்த புள்ளி. கறுப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ அணையாமல் எரிந்தால் அந்தப் புள்ளி சிக்கிக்கொண்டது. சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக அழுக்குப் படிந்த மாதிரி தெரிந்தால், பந்து விளையாட்டு பார்க்கும்போது திடல் முழுக்க அந்தக் கறை கண்ணை உறுத்தும். கறுப்புப் படத்தை மட்டும் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எல்சிடி டிவியில் திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் வெளிச்சம் ஓரங்களில் லேசாகக் கசிவது சகஜம், ஒரு மூலை மட்டும் டார்ச் அடித்த மாதிரி இருந்தால் சும்மா விடக்கூடாது. ஓலெட் திரைக்குப் பின்விளக்கே கிடையாது, அதனால் அதில் இந்தக் கசிவு வராது.

ஒன்று சொல்ல வேண்டும், 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உண்டு, ஒன்றிரண்டு செத்துப்போனால் மாற்றித் தருவதில்லை என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. எத்தனை புள்ளி, எத்தனை நாளுக்குள் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு கடையில், "தூரமா உட்கார்ந்தா தெரியாது அண்ணே" என்றார்களாம்!

கடைக்காரர் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். ரசீதும் திரையைப் பிடித்த படங்களும் கையில் இருக்கட்டும்.

அப்புறம், கடைக்காரர்களே அந்த வெள்ளைப் படத்தையும் கறுப்புப் படத்தையும் வாங்குபவர் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டு டிவியை லாரியில் ஏற்றினால் என்ன? ஐந்து நிமிட வேலைதானே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்