வல்லத்து மண்ணும் ஒரு சிறு குடும்பமும்

திருவையாறு

அன்புள்ள சேது,

இங்கு அனைவரும் நலம். குடமுருட்டியில் தண்ணீர் தாராளமாகப் போகிறது, சம்பா நடவும் மும்முரம். உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு.

வல்லத்துச் செம்மண் மேட்டிலிருந்து என் மாணவி ஒருத்தி கொண்டுவந்த மண்ணை, நைட்ரஜன் சேர்க்காத, அமிலத்தன்மை கூட்டிய ஊடகத்தில் இட்டு வைத்திருந்தோம். அதில் ஒரு காலனி எழும்பியிருக்கிறது. லூப் எனும் கம்பி வளையத்தால் தொட்டால் சற்றும் பிரிந்து வராமல் இழுபட்டு, முழுக்கட்டியாகவே தட்டிலிருந்து பெயர்கிறது. நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லின் இரு முனைகளிலும் பளிச்சென்று ஒரு கொழுப்புத் துளி தெரிகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் மண் பாக்டீரியமான பெய்ஜெரிங்கியாவாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது, ஆனால் மரபணு வரிசை வராமல் பெயர் சூட்ட மாட்டேன்.

அதே தொழில் செய்யும் இன்னொரு மண் பாக்டீரியத்தோடு சேர்த்து, "அசோட்டோபாக்டரின் தம்பி" என்று நீ இப்போது சொல்லப்போவது எனக்குத் தெரியும். விடுதி மாடியில் அதற்காக நீ போட்ட சண்டையை மறக்க முடியுமா? அன்று நம் புத்தகம் உன் பக்கம்தான் இருந்தது. 1939-இல் ஸ்டார்க்கியும் டேயும் இந்திய நெல்வயல் மண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது அசோட்டோபாக்டர் இனமாகவே விவரித்தார்கள். 1950-இல் டெர்க்ஸ் தனிப் பேரினமாக்கி டச்சு அறிஞர் பெய்ஜெரிங்கின் பெயரைச் சூட்டிய பிறகும், பாக்டீரியா வகைப்பாட்டுக்கான பெர்ஜி கையேட்டின் 1974 பதிப்பு அதை அசோட்டோபாக்டர் குடும்பத்திலேயே வைத்திருந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனித்து நிலைநிறுத்துவது என்ற ஒரு தொழிலை வைத்துச் செய்த கணக்கு அது.

ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை வந்ததும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. இரண்டும் வெவ்வேறு வகுப்புகள்: அசோட்டோபாக்டர் காமா வகுப்பு, பெய்ஜெரிங்கியா ஆல்ஃபா வகுப்பு. 2000-இல் அமிலத்தன்மை மிக்க கரிச் சதுப்பு நிலங்களிலிருந்து மெத்திலோசெல்லா என்ற மீத்தேன் உண்ணும் பாக்டீரியம் விவரிக்கப்பட்டபோது, அதன் 16எஸ் எனும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. வரிசை பெய்ஜெரிங்கியா இண்டிகாவோடு 96 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனது. சர்க்கரை உண்பதற்கும் மீத்தேன் உண்பதற்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

இந்த உறவைப் பற்றித்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதே குடும்பத்தின் மெத்திலோஃபெருலாவும், மெத்திலோகாப்சாவின் முதல் இனமும் மீத்தேனையும் மெத்தனாலையும் விட்டால் பிழைக்க வழியற்றவை. மெத்திலோசெல்லாவோ மீத்தேனோடு அசிட்டேட்டையும் உண்டு வளரும் என்று 2005-இல் நிறுவப்பட்டது. பெய்ஜெரிங்கியாவிடம் மீத்தேனை உணவாக்கத் தேவையான மீத்தேன் மோனோஆக்சிஜினேஸ் நொதியே இல்லை. முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட 2014 ஆய்வு, இக்குடும்பத்தின் பொது மூதாதை மீத்தேன் உண்டு வாழ்ந்தது என்றும், இண்டிகாவின் கிளை அதை இழந்து வேறு உணவுகளுக்கான மரபணுக்களைப் பிறரிடமிருந்து பெற்றது என்றும் முடிவு கூறியது. காணியை விற்றுவிட்டு வேறூர் போய் வியாபாரத்தில் இறங்கிய பங்காளி வீடு போலத்தான். தொழில் மாறலாம், பங்காளி பங்காளிதான். பெய்ஜெரிங்கியா மொபிலிஸ் இன்றைக்கும் மெத்தனாலைக் கொண்டு வாழ வல்லது என்பது அந்தப் பழைய தொழிலின் மிச்சமாக எனக்குத் தோன்றுகிறது.

குடும்பத்தின் எல்லைதான் இன்னும் அடங்கவில்லை. 2016-இல் இதிலிருந்த கெலாட்டோகாக்கஸையும் கேமெலிமோனாஸையும் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். மரபணுத் தொகுதி அடிப்படையிலான ஜி.டி.டி.பி. வகைப்பாடோ நேர்மாறாக, நெல்வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் மெத்திலோசிஸ்டிஸையும், மெத்திலோபாக்டீரியத்தையும் கூட இதற்குள்ளேயே சேர்த்துவிட்டது. வம்சாவளிப்படி அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவர்களுக்குக் கற்பிக்கச் சிறிய குடும்பமே மேல் என்பது என் உறுதியான கருத்து. எது எதை இழந்தது, எது எதைப் பெற்றது என்பது அதில்தான் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

சேது, இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதே. பாடத்திட்டக் குழுவில் நீ இருக்கிறாய். அந்தப் பழைய பட்டியலில் அசோட்டோபாக்டரையும் பெய்ஜெரிங்கியாவையும் ஒரே குடும்பமாக இன்னும் அச்சிடுகிறார்கள். "தனித்து வாழும் நைட்ரஜன் நிலைநிறுத்திகள்" என்ற தலைப்பு இருக்கட்டும், அது தொழிலின் பெயர். குடும்பத்தை மட்டும் வேறு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உறவையும் தொழிலையும் ஒன்றென்று நினைத்துப் படிக்க நாம் காரணமாக வேண்டாம்.

இந்தக் காலனியை வளர்த்த சோதனைக் குழாயை (ஸ்லான்ட்) தனியே அனுப்புகிறேன். 16எஸ் மட்டும் போதாது. நைட்ரஜன் நிலைநிறுத்தும் மரபணுவையும், மீத்தேன் நொதியின் மரபணு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல். குழு கூடுவதற்குள் உன் பதில் வேண்டும்.

அன்புடன்,
முத்து