அடைப்பு இல்லை, ஆனாலும் வலி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதய அடைப்பு பற்றி அடிக்கடி வருகிறது. அடைப்பே இல்லாமல் இரண்டு வாரம் தூக்கம் கெட்டவன் நான்.

வயது 51. சோமனூரில் எட்டு விசைத்தறி ஓட்டுகிறேன். போன ஆடியில் பாவு பீமை, அதாவது பாவு நூல் சுற்றிய கனமான உருளையை, தூக்கும்போது நெஞ்சைப் பிடித்தது. இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவில் அடைப்பு ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் மட்டும் ‘மயோகார்டியல் பிரிட்ஜிங்’ என்று ஒரு வரி. இதயத்தின் மேலே ஓட வேண்டிய ரத்தக்குழாய் கொஞ்ச தூரம் தசைக்குள் புகுந்து போகிறதாம், பிறவியிலேயே. ஸ்கேன் எடுத்த ஆஸ்பத்திரியிலேயே ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலை) வைத்துவிடலாம் என்றார்கள். வீட்டுக்காரி வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள்.

மைத்துனர் பேச்சைக் கேட்டு கோவையில் இன்னொரு மருத்துவரைப் பார்த்தோம். ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே கேட்டார்: எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம், மயக்கம் வந்ததா? அப்புறம் கை முஷ்டியை மூடித் திறந்து காட்டினார். இதயம் சுருங்கும்போது தசை குழாயை நெருக்கும், விரியும்போது விட்டுவிடும். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் பாய்வது விரியும்போதுதான். அதனால் இந்த அமைப்புள்ள பலருக்கு ஆயுசு முழுக்க எதுவும் தெரியாது, சிகிச்சையும் வேண்டாம். துடிப்பு வேகமெடுத்தால் விரியும் நேரம் குறுகும். தறி வேகமாக ஓடினால் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்ற ஆள் திணறுகிற மாதிரியா என்றேன். சிரித்துவிட்டார்.

வலியோ மயக்கமோ இருந்து, சோதனையிலும் ரத்தம் குறைவது தெரிந்தால்தான் சிகிச்சையாம். எனக்கு ட்ரெட்மில்லில் தெரிந்தது. துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதினார். தசை நெருக்கும் இடத்தில் வைத்த ஸ்டென்ட் உடையவும் கூடும் என்றார். மாத்திரை கேட்காவிட்டால் குழாய்மேல் படர்ந்த தசையைப் பிரித்துவிடும் ஆபரேஷன் இருக்கிறதாம்.

இன்னொன்று. பக்கத்துத் தறிக்காரர் பாசத்தில் கொடுத்த, நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை எனக்கு வலியைக் கூட்டியது. இந்த அமைப்பில் அது நெருக்கத்தை அதிகமாக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேண்டும், சரி. அடுத்தவர் மாத்திரையை வாங்கிப் போட்டது என் தப்பு.

ஏழு மாதமாக வலி இல்லை. பீமை மகன் தூக்குகிறான். அந்த ஒரு வரியைப் பார்த்து என்னைப் போலவே மிரண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் இதைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விசைத்தறிக்காரர்,
சோமனூர்.