இஸ்பேட் வீடு

ஃபோக்ஸ்டன், இங்கிலாந்து,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் வீட்டு பிளானும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி இவ்வளவு முற்றிவிட்டது என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. லீவுக்கு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கிணற்றடியிலிருந்து அந்த ஐந்து உயரமான படிகளையும் இடுப்பில் குடத்தோடு ஏறி வருவார்களே, அந்தக் கால்கள்தானே!

இங்கே எல்லோரும் நலம். மகள் பரீட்சை முடித்துவிட்டாள். குளிர் விட்டு, இரண்டு நாளாக நல்ல வெயில். நேற்று சாயங்காலம் உன் பிளானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சாண்ட்கேட் வரைக்கும் நடந்து போனேன். எங்கள் ஊரை ஒட்டி மேற்கே இருக்கும் சின்ன கடற்கரை ஊர் அது. மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அதற்கு மேலே சரிவில் கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளை வீடு நிற்கிறது. ஸ்பேட் ஹவுஸ் என்று பெயர். அதைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும்.

கட்டியவர் எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ். 1898-இல், முப்பத்தொரு வயதில், சிறுநீரகக் கோளாறு வந்து படுத்துவிட்டார். இனி சக்கர நாற்காலிதான் கதி என்ற பயம் அவருக்கு. அதனால் வீடு கட்டும்போது படுக்கையறையும் புழங்கும் அறைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கும் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1900 கடைசியில் குடிபுகுந்தார். சில வாரங்களில் விக்டோரியா அரசி இறந்து எட்வர்டு பட்டத்துக்கு வந்தார். எட்வர்டு காலம் தொடங்கியபோது இந்த வீட்டின் சுண்ணாம்புகூடக் காய்ந்திருக்காது.

வீட்டை வரைந்து கொடுத்தவர் சி.எஃப்.ஏ. வோய்சி என்ற கட்டடக் கலைஞர். அவர் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு, கீழே அகன்று மேலே ஒடுங்கும் முட்டுச்சுவர்கள், கல் சட்டத்தில் வரிசையாக ஜன்னல்கள், தழைந்து இறங்கும் கூரை. தூண் அலங்காரம், கோபுரம் என்று எதுவும் இல்லை. வாசல் கதவைப் பற்றி அவர் சொன்னதை நீ கேட்க வேண்டும். கதவு அகலமாக இருந்தால்தான் வருகிறவரை வரவேற்கும், உயர்ந்து குறுகி நின்றால் அது சவப்பெட்டி மூடி மாதிரி என்றார்.

தன் வீடுகளின் கதவுகளில், கீல்களில், தபால் போடும் தகட்டில் எல்லாம் இதய வடிவம் வைப்பது வோய்சியின் வழக்கம். வெல்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மனசை இப்படி வாசலில் மாட்டி வைக்க முடியாது என்றாராம். கடைசியில் இதயத்தைத் தலைகீழாக்கிக் காம்பு வைத்தார்கள். சீட்டுக்கட்டுக் கணக்கில் சொன்னால், இதயமான 'ஆட்டின்' இப்போது 'இஸ்பேட்' (ஸ்பேட்) ஆகிவிட்டது. வீட்டுக்கும் அதுவே பெயர்.

படிக்கட்டின் மேல் வெல்ஸுக்கு இருந்த கோபம் நோயால் மட்டும் வந்ததில்லை என்று நினைக்கிறேன். பிராம்லியில் அவர் பிறந்த வீட்டில், கடைக்குக் கீழே பூமிக்குள் சமையலறை. அம்மா அங்கேதான் உழைத்தார். பிறகு அப்பார்க் என்ற மாளிகையில் அவருக்கு வீட்டு மேற்பார்வை வேலை. அங்கே வேலைக்காரர்கள் வந்துபோக நிலத்தடிச் சுரங்கப்பாதையே உண்டு! 1905-இல் வந்த வெல்ஸின் 'கிப்ஸ்' நாவலில் ஒரு தம்பதி வீடு தேடி அலைவார்கள். மனைவி ஒரு காலத்தில் வேலைக்காரியாக இருந்தவள். கரியையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு எத்தனை படி ஏற வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் பார்ப்பாள். எவ்வளவு சரியான பார்வை! அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் கிணற்றடிதான் ஞாபகம் வரும்.

வெல்ஸுக்குச் சக்கர நாற்காலி தேவைப்படவே இல்லை. உடம்பு தேறியது. 1901-லும் 1903-லும் மகன்கள் பிறந்தார்கள், பிள்ளைகளுக்கு மாடியில் இடம் வேண்டியிருந்தது. 1909-இல் லண்டனுக்குப் போய்விட்டார். இன்னொன்று கேள்: அவர் போய் வெகு காலத்துக்கு அப்புறம், அந்த வீடு முதியோர் பராமரிப்பு இல்லம் ஆனது. நடக்க முடியாதவர்கள் கடலைப் பார்த்து உட்காரும் இடமாயிற்று. நேற்று அந்தச் சரிவில் நின்று இதை நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, உன் பிளானுக்கு வருகிறேன். கீழே கார் நிறுத்த இடம், மேலே வீடு என்று போட்டிருக்கிறாய். அம்மா தினமும் இருபது படி ஏறி இறங்க வேண்டும். வேண்டாம் சேகர். காரை வெளியே தகரக் கொட்டகையில் விடு. அம்மாவின் அறை, சமையலறை, பூஜை அறை மூன்றும் கீழே ஒரே மட்டத்தில் இருக்கட்டும். குளியலறைக் கதவு 2.5 அடி என்று பார்த்தேன், அதை 3 அடியாக்கு. வாசல்படி ஓரமாக ஒரு சாய்தளமும் வேண்டும். எந்த ஜன்னலிலிருந்து தெருவைப் பார்க்க ஆசை என்று அம்மாவிடமே கேட்டு அதற்குத் தகுந்தபடி கட்டிலைப் போடு.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் திருத்திய பிளானை அனுப்பு. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரகு