பிரெஞ்சு அரச உடை ஓவியங்கள்: நிறம், நாள், அளவு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு மன்னர்களும் அதிகாரிகளும் பதவிக்குரிய உடையில் நிற்கும் பழைய ஓவியங்களைக் கையால் வரைந்து தருவது எங்கள் பட்டறையின் முக்கிய வேலை. "பிரிண்ட் போட்டால் ஒரே நாளில் கிடைக்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். "சோபாவுக்குப் பொருத்தமாக அங்கியை மெரூனில் போட முடியுமா?" என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இந்த மடல்.

நிறத்தை மாற்ற மாட்டோம். பிடிவாதமாகத் தெரியலாம், ஆனால் இந்த ஓவியங்களில் ஆளைச் சொல்வதே உடைதான். நீங்கள் அதிகம் கேட்பது, 1701-இல் ஓவியர் இயாசிந்த் ரிகோ வரைந்த பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி. நீல வெல்வெட்டில் பொன் லில்லிப் பூக்கள், உட்புறம் முழுக்க எர்மின் என்ற வெண்மயிர்த் தோல்: பிரெஞ்சு அரசர்களின் முடிசூட்டு அங்கி அது. 1804-இல் நெப்போலியன் முடிசூடியபோது நீலமும் லில்லியும் போய்விட்டன. சிவப்பு வெல்வெட், அதன் மேல் பொன் தேனீக்கள். 1653-இல், இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் திறக்கப்பட்ட, ஐந்தாம் நூற்றாண்டு சில்டெரிக் மன்னரின் கல்லறையில் கிடைத்த பொன் தேனீக்களிலிருந்து எடுத்த சின்னம். லூயியின் பூர்போன் வம்சத்துக்கும் பல நூற்றாண்டு முந்திய மன்னரோடு தன்னை இணைத்துக்கொண்டார் நெப்போலியன். லூயிக்குச் சிவப்பு அங்கி போட்டால் இந்த வரலாறே குழம்பிவிடும்.

நிறத்தில் தேர்வு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1812-இல் பிரெஞ்சு ஓவியர் ழாக்-லூயி தாவீது வரைந்த, படிப்பறையில் நிற்கும் நெப்போலியன் ஓவியத்துக்கு அவரே வரைந்த இரண்டு வடிவங்கள் உண்டு. வாஷிங்டனில் இருப்பதில் நீலச் சீருடை, பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் இருப்பதில் பச்சை. எது பிடிக்கிறதோ அதைக் கேளுங்கள்.

"நகல்தானே" என்று சிலர் தயங்குகிறார்கள். ரிகோவின் ஓவியம் ஸ்பெயினை ஆண்ட, லூயியின் பேரன் ஐந்தாம் பிலிப்புக்கு அனுப்பத்தான் வரையப்பட்டது. லூயிக்கு அது மிகவும் பிடித்துப்போக, மூலத்தைத் தானே வைத்துக்கொண்டார், நகல்கள் எழுந்தன. எந்த உதவியாளர் எந்த ஓவியத்தில் துணிமணியை வரைந்தார், அவருக்கு எவ்வளவு கூலி என்று ரிகோவின் கணக்கேட்டில் குறிப்புகளே இருக்கின்றன. அரசரின் படம் பல ஊர்களுக்குப் போக வேண்டியிருந்ததால், பட்டறையில் பல கைகள் சேர்ந்து உருவாக்கும் வழக்கம் அன்றே இருந்தது. அந்த வரிசையில் நாங்களும் வேலை செய்கிறோம் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

இனி நாள் கணக்கு. வெல்வெட்டின் நீலம் ஒரே பூச்சில் வராது. அடியில் நிழலும் ஒளியுமாகச் சாம்பல் நிறத்தில் மடிப்புகளை வரைந்து, காய்ந்தபின் அல்ட்ராமரின் என்ற நீல வண்ணத்தை மெல்லிதாக அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். ஒரு அடுக்கு காயாமல் அடுத்ததை வைத்தால் நாளடைவில் வெடிப்பு விழும். பிரஷ்யன் நீலம் இன்னும் மலிவு, அடர்த்தியும் கூட. ஆனால் ரிகோ இந்தப் படத்தை முடித்த சில ஆண்டுகளுக்குப் பிறகே அது பெர்லினில் உருவானது. இந்த ஓவியத்துக்கு அதை நாங்கள் தொடுவதில்லை.

லில்லிப் பூக்களுக்குத் தஞ்சாவூர்ப் படம் போலத் தங்க ரேக் ஒட்டுவீர்களா என்ற கேள்வியும் வரும். இல்லை. எண்ணெய் ஓவியத்தில் பொன் என்பது காவி மஞ்சளும் பழுப்பும்தான். பூவின் நிழல் பக்கத்தில் பழுப்பு, நடுவில் மஞ்சள், ஒளி படும் விளிம்பில் மட்டும் வெளிர்மஞ்சள் ஒரு சிறு தொடல். துணி மடியும் இடத்தில் பூவின் ஓர் இதழ் மடிப்புக்குள் மறைய வேண்டும். முழுப் பூவாக வரைந்துவிட்டால் அங்கி தட்டையாகி, சுவரில் ஒட்டிய காகிதம்போல் தெரியும். எங்கள் நாட்களை அதிகம் எடுத்துக்கொள்வது இந்த மடிப்புகள்தான்.

ரிகோவின் மூல ஓவியம் 277 × 194 செ.மீ., அதாவது ஒன்பது அடி உயரம். அது இருக்கும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து நகல் எடுப்பவர்கள் மூலத்தின் அளவில் வரையக்கூடாது, ஓவியரின் கையெழுத்தையும் போடக்கூடாது என்பது அங்குள்ள விதி. நாங்கள் இங்கே வரைந்தாலும் அதையே பின்பற்றி, பின்பக்கம் 'நகல்' என்று எழுதித் தருகிறோம். வீட்டுக்கு நான்கடி உயரம் நன்றாக இருக்கும். மூன்றடிக்குக் கீழே லில்லிகள் புள்ளிகளாகிவிடும் என்பதால் அந்த ஆர்டரை எடுப்பதில்லை.

படம் வந்தபின் ஒன்றிரண்டு விஷயம். கடைசி வார்னிஷ் பூசாமல்தான் அனுப்புவோம். எண்ணெய் உள்ளே காய ஆறு மாதமாவது வேண்டும். அதன்பிறகு கொண்டுவந்தால் கட்டணமின்றிப் பூசித் தருவோம். மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கேன்வாஸின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சுருட்ட நேர்ந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள்.

புதிதாக ஆர்டர் சொல்ல விரும்புவோர் எந்த ஓவியம், எந்தச் சுவர், அந்தச் சுவரின் அகலம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி அனுப்பினால், விலையும் முடியும் நாளும் குறித்துப் பதில் தருகிறோம்.

அன்புடன்,
பட்டறையினர்